மோட்டார் வண்டியின் சக்கர ஸ்டட்டுகள்: பழுதின் காரணமும் மாற்றும் முறையும்

மாட்டு வண்டியின் சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது கடையாணி. வண்டி பூட்டுமுன் அதை ஒரு முறை தொட்டுப் பார்க்காத வண்டிக்காரன் கிடையாது. மோட்டார் வண்டியில் அந்த வேலையை நான்கு அல்லது ஐந்து ஸ்டட்டுகளும் அவற்றின் மேல் முடுக்கிய நட்டுகளும் செய்து வருகின்றன. இவை சக்கர மூடிக்குள் மறைந்து கிடப்பதால், எண்ணெயையும் காற்றையும் தவறாமல் பார்ப்பவர்கள்கூட இவற்றைப் பார்ப்பதில்லை. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து நிலச்சுவான்தார்கள் விதைக்கும் உரத்துக்கும் குடும்ப காரியங்களுக்குமாகக் காரில் சென்னைக்கு வரும் வழி, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையிலேயே செல்கிறது. அங்கே ஒரு சக்கரம் கழன்றால் நேரக்கூடிய விபரீதத்தைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை.

வண்டியின் பாரத்தை ஸ்டட்டுகள் நேரே சுமக்கின்றன என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. நட்டை முடுக்கும்போது ஸ்டட்டு மிகச் சிறிது நீண்டு, இழுத்த வில்லைப்போல் சக்கரத் தகட்டை ஹப்பின் முகத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. அவ்விரு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டட்டு ஒன்றைச் சரியாக முடுக்கினால் அது சுமார் 4 டன் விசையோடு பிடிக்கும். பிடி தளர்ந்தால் சக்கரம் அசையத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட்டு ஒரு முறை வளைகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பதுபோல் முடிவில் அது ஒடிந்து போகிறது. ஆகவே ஒடிந்த ஸ்டட்டுகள் பெரும்பாலானவற்றில் குற்றம் இரும்பினுடையதன்று, முடுக்கியவருடையது.

அளவுக்கு மிஞ்சி முடுக்குவதும் இதே தீமையைத் தரும். முடுக்கு விசையைக் கிலோகிராம்-மீட்டர் என்ற அளவால் கூறுவர். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் ஒரு கிலோ எடை தொங்கினால் உண்டாவது ஓர் அளவு. சிறிய கார்களுக்குப் பொதுவாக 8 முதல் 11 வரை போதுமானது. சரியான எண் வண்டியோடு தரும் கைப்புத்தகத்தில் இருக்கும். கால் மீட்டர் ஸ்பானரின் நுனியை 40 கிலோ விசையோடு இழுத்தால் 10 அளவு ஆகிறது. அதே ஆள் ஒரு மீட்டர் குழாயை ஸ்பானரில் மாட்டி அதே விசையோடு இழுத்தால் 40 ஆகிவிடும். சாலையோரக் கடைகளில் குழாயை மாட்டி, அதன் மேல் ஏறி மிதித்தும் முடுக்குகிறார்கள். அவ்வாறு எல்லை கடந்து நீண்ட ஸ்டட்டு மறுபடி சுருங்காது. பார்வைக்கு முழுதாயிருந்தாலும் அது கெட்ட ஸ்டட்டே.

மரையில் எண்ணெய் தடவினால் நல்லது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. எண்ணெயிட்ட மரையில் உராய்வு குறைவதால், அதே முடுக்கு விசைக்கு ஸ்டட்டு ஒன்றரை மடங்குவரை அதிகமாக இழுபடக்கூடும். கைப்புத்தகம் சொன்னாலன்றி எண்ணெயோ கிரீஸோ இடலாகாது. கடற்காற்று வீசும் ராயபுரம், எண்ணூர்ப் பகுதிகளிலும், காசிமேட்டு மீன் ஏற்றி ஐஸ் நீர் சொட்டச் செல்லும் வண்டிகளிலும் துரு விரைவில் ஏறுவது உண்மையே. அதற்குக் கம்பி பிரஷ்ஷால் மரையையும் ஹப்பின் முகத்தையும் துடைப்பதே பரிகாரம். ஆயுத பூஜைக்குச் சக்கரங்களுக்கு வர்ணம் பூசும் வழக்கத்தில் ஒரு கெடுதல் உண்டு. நட்டு உட்காரும் இடத்தில் கனமாக வர்ணம் இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும். டிராக்டரில் சேறடிக்கக் கேஜ் வீல் மாட்டும்போது முகத்தில் ஒட்டிய காய்ந்த சேறும் அவ்வாறே.

1948-இல் நிறுவப்பெற்று, ஆஸ்டின் கார்களை எண்ணூரில் பூட்டி விற்று வந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி லாரித் தொழிலில் ஊன்றியது. அக்காலம் முதல் இப்பகுதிப் பட்டறைகளில் ஒரு விஷயம் பழக்கமானது: பிரிட்டிஷ் அமைப்பைத் தழுவிய பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். இதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி முடுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை ஒடித்துவிடுவார். இக்காலக் கார்களில் பொதுவாக எல்லாம் வலது மரையே. எனினும் பழைய வண்டி வைத்திருப்போர் ஸ்டட்டின் நுனி அடையாளத்தைப் பார்த்த பின்பே பலத்தைப் பிரயோகிக்க வேண்டும்.

பழுதான ஸ்டட்டை அறிவது கடினமன்று. நட்டு கையால் எளிதாகச் சுழன்று வந்து ஓரிடத்தில் மட்டும் இறுகினால், அங்கே மரை நீண்டிருக்கிறது. புதிய ஸ்டட்டின் மரையோடு ஒட்டவைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தாமை தெரியும். நட்டைச் சுற்றிச் செந்துருக் கோடு வழிந்திருப்பது தளர்ச்சிக்கு அடையாளம். ஒரு ஸ்டட்டு ஒடிந்திருந்தால் அதன் பாரத்தை ஏற்ற இருபக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு ஒடிந்திருந்தால் அச்சக்கரத்தில் உள்ள அனைத்தையும் மாற்றுவதே முறை. விலை சொற்பமானது, இதில் சிக்கனம் பார்ப்பது மடமை.

மாற்றும் வேலையைச் சமதரையில் செய்தல் வேண்டும். எதிர்ச்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டலாகாது. சக்கரத்தைக் கழற்றியபின், டிஸ்க் பிரேக்கானால் காலிப்பரை அவிழ்த்துக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் அதன் பாரம் விழலாகாது. பின்சக்கர டிரம்மானால் கட்டைகள் சரியாக இருப்பதை மறுபடி பார்த்துக்கொண்டு, கைபிரேக்கை விட்ட பிறகே டிரம் வெளிவரும்.

ஸ்டட்டின் தலைக்கடியில் பல்வரிகள் உண்டு. அவை ஹப்பின் துளையைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. ஹப்பைச் சுழற்றி, பின்னால் தலை வெளிவர இடமிருக்கும் நிலையில் நிறுத்தி, நுனியைச் சுத்தியலால் தட்டினால் அது பின்புறமாக விழும். இடமே இல்லாத வண்டிகளில் ஹப்பைக் கழற்றிப் பட்டறையில் பிரஸ் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். அங்கே பலவந்தம் செய்தால் பேரிங் கெடும். புதிய ஸ்டட்டு கனத்திலும் நீளத்திலும் மரையிலும் பல்வரியிலும் பழையதை ஒத்திருக்க வேண்டும். அதைப் பின்னாலிருந்து செருகி, பழைய பல்தடத்தில் பொருத்தி, முன்புறம் சில கனத்த வாஷர்களைப் போட்டு, ஒரு பழைய நட்டின் தட்டை முகம் வாஷரைப் பார்க்குமாறு மாட்டி மெதுவாக முடுக்கினால் ஸ்டட்டு உள்ளே இழுபட்டு வரும். தலை ஹப்பின் பின்முகத்தில் இடைவெளியின்றி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதைப் பாராமல் சக்கரத்தை மாட்டினால், ஓட்டத்தில் தலை மேலும் உள்ளே இறங்கி, சரியாக முடுக்கிய நட்டும் தளர்ந்துபோகும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதைவிட இவ்வாறு இழுப்பது மேல்.

இழுக்க உபயோகித்த நட்டை எறிந்துவிட்டு, சக்கரத்துக்கு நல்ல நட்டுகளை, கூம்பு முகமுடையதானால் அம்முகம் உட்புறம் இருக்க, முதலில் கையாலேயே பூட்ட வேண்டும். ஒன்றை அடுத்து ஒன்றாக வட்டமாய் முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினால் சக்கரம் கோணாமல் உட்காரும். வண்டியை இறக்கிய பின்பு டார்க் ரெஞ்சால் கடைசி முடுக்கு. அக்கருவி கிராமத்தில் இல்லையெனில், வண்டியோடு வந்த ஸ்பானரைக் குழாயின்றிக் கையால் மட்டும் இழுத்து முடுக்கி, அன்றே கருவியுள்ள பட்டறையில் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய ஸ்டட்டுகள் முதல் ஓட்டத்தில் சிறிது இறங்குவது இயல்பு. 50 முதல் 100 கிலோமீட்டருக்குள், அதாவது ராயபுரத்திலிருந்து பொன்னேரிக்கு ஒரு முறை போய்த் திரும்பியதும், சக்கரம் ஆறிய பின்பு நட்டுகளை மறுபடி அதே அளவுக்குச் சோதிக்க வேண்டும். பஞ்சர் ஒட்டியபின் சக்கரத்தை மாட்டித் தரும் கடைகளுக்கும் இது பொருந்தும். அங்கே காற்று யந்திரத்தால் முடுக்கப்படும் நட்டுகளில் அளவு எவ்வளவு என்பது முடுக்குபவருக்கும் தெரியாது.