சீசனில் சர்வர் முடங்கினால்: எந்தக் கடையின் சைட் காரணம்?

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் பட்டாசுக் கடைகள் பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்கும். அச்சகங்கள் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். அன்றிலிருந்து ஐப்பசி வரை, இந்தக் கடைகளின் வெப்சைட்டுகளைச் சுமக்கும் சர்வர்களுக்குத் தூக்கமில்லை. ஒரே சர்வரில் நாற்பது, ஐம்பது சைட்டுகளை ஏற்றியிருப்போம். அதில் ஒன்று முரண்டு பிடித்தால் அத்தனையும் படுத்துவிடும். "தம்பி, சைட்டு சுத்திக்கிட்டே இருக்கே" என்று வரிசையாகப் போன் வரும். போன் செய்கிற அண்ணாச்சிகளில் பெரும்பாலோரின் சைட்டில் ஒரு குறையும் இருக்காது.

போன் வந்த பதற்றத்தில் ரீஸ்டார்ட் அடிக்காதீர்கள். அடித்தால் பத்து நிமிடம் நிம்மதி, தடயம் முழுக்கப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் பட்டியலையும், மைஎஸ்கியூஎல்லின் பிராசஸ்லிஸ்ட்டையும் ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு, பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அடுத்து 'டாப்'. மேலே தெரியும் லோடு ஆவரேஜின் மூன்று எண்களும் முறையே கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. 4 கோர் உள்ள சர்வரில் அது 4-ஐத் தாண்டினால் வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் லினக்ஸ் இந்தக் கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்துவிடும். லோடு 30-இல் நிற்க, சிபியூ சும்மா இருந்தால் 'டபிள்யூஏ' என்ற எண்ணைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பகலில் ஓடும் பேக்கப்பை. அடுத்து, ராம் போதாமல் ஸ்வாப்புக்குப் போயிருக்கிறதா என்பதை. 'ஐஓடாப்' பதில் சொல்லிவிடும்.

சிபியூதான் தின்னப்படுகிறது என்றால், யூசர் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சைட்டின் பிஎச்பியும் தனி யூசர் பெயரில்தான் ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் ஓடவிடுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. கிளவுட்லினக்ஸ் இருந்தால் எந்த அக்கவுண்ட் எவ்வளவு தின்கிறது என்று அதுவே வரிசைப்படுத்திக் காட்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. டாப்பில் முதல் வரியில் நிற்பது எந்தக் கடையும் அல்ல, மைஎஸ்கியூஎல். அதற்கு ஒரே யூசர் பெயர். யாருக்காக உழைக்கிறது என்று அது வெளியே சொல்லாது. உடனே ஆக்சஸ் லாகைத் திறந்து, எந்த சைட்டுக்கு அதிக ஹிட் என்று எண்ணி, அந்தக் கடைக்காரரிடம் பெரிய பிளான் வாங்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் தப்பு. கேஷில் இருந்து போகும் ஆயிரம் ஹிட்டைவிட, டேட்டாபேஸைப் புரட்டிப் போடும் பத்து ஹிட் பாரம். அதோடு, அப்பாச்சியும் சரி, என்ஜின்எக்ஸும் சரி, ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் லாகில் வரி எழுதும். இந்த நிமிடம் சிக்கிக் கிடப்பது எதுவோ, அது லாகில் இன்னும் வந்தே இருக்காது.

அதனால் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' கொடுங்கள். 'ஸ்லீப்' என்று இருக்கும் வரிகளைக் கடந்துவிட்டு, 'டைம்' பத்தியில் பெரிய எண் உள்ளவற்றை மட்டும் படியுங்கள். சிபேனலில் டேட்டாபேஸ் யூசர் பெயருக்கு முன்னால் அக்கவுண்ட் பெயர் ஒட்டியிருக்கும், கடை சிக்கிவிட்டது. 'பூட்டுக்காகக் (lock) காத்திருக்கிறது' என்று காட்டும் வரிகள் பாதிக்கப்பட்டவை, அவற்றின் மேல் பாயாதீர்கள். அதே டேட்டாபேஸில் அவற்றுக்கு முன்பே தொடங்கி இன்னும் முடியாமல் ஓடுகிற வரியைத் தேடுங்கள். பத்து விநாடி இடைவெளி விட்டு நான்கைந்து முறை பாருங்கள். ஒரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது.

நேரலையில் சிக்காவிட்டால் ஸ்லோ குவெரி லாக். இயல்பாக அது 10 விநாடிக்கு மேல் ஓடுவதைத்தான் பிடிக்கும்; சீசனில் 1 விநாடிக்கு இறக்குங்கள். ஆக்சஸ் லாக் வடிவத்தில் சதவீதக் குறியும் பெரிய 'டி'யும் (%D) சேர்த்தால், அப்பாச்சி ஒவ்வொரு கோரிக்கைக்கும் எடுத்த நேரத்தை மைக்ரோவிநாடியில் எழுதும். ஹிட்டை எண்ணாமல் இந்த நேரத்தைக் கடை வாரியாகக் கூட்டுங்கள். சர்வர் கடிகாரம் யூடிசியில் இருந்தால் இரவு 9 மணித் தகராறு லாகில் 15:30 என்று கிடக்கும். இதை மறந்து தப்பான நேரத்தைத் தோண்டுகிறவர்கள் ஏராளம்.

இந்த ஊரில் வழக்கமாக மாட்டும் ஆசாமிகள் சிலர் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஆன்லைன் பட்டாசு விற்பனையைத் தடை செய்த பிறகு, கடைகளின் சைட்டுகள் விலைப்பட்டியலும் 'எஸ்டிமேட்' பொத்தானுமாக மாறின. வாடிக்கையாளர் அளவைத் தட்டி அனுப்பியதும், சாமான் படங்களோடு பிடிஎஃப் தயாராகும். பிஎச்பியில் அது மெமரியை விழுங்கும் வேலை. படங்களை எடுத்துவிட்டாலே பாதிப் பாரம் இறங்கும். இன்னொன்று, 'இதுவரை வந்தவர்கள்' என்ற கவுண்டர். ஒவ்வொருவர் வரும்போதும் லட்சக்கணக்கான வரிகளை இண்டெக்ஸ் இல்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும். கழற்றச் சொன்னால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும், வரட்டும். வேர்ட்பிரஸ் சைட் என்றால் லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைலையும் பாட் தட்டிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதை மூடிவிடுவதில் பெரும்பாலான கடைகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. காலண்டர் அச்சகங்களின் கனமான ஆல்பம் பிடிஎஃப் நெட்வொர்க்கைத்தான் அடைக்கும், சிபியூவை அல்ல. அதை வேறு இடத்தில் வையுங்கள்.

கடை தெரிந்ததும் சைட்டை முடக்காதீர்கள், சீசனில் அது வயிற்றில் அடிப்பது. கடிவாளம் போடுங்கள். மைஎஸ்கியூஎல் இயல்பாக மொத்தம் 151 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். ஒரே கடை அத்தனையையும் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லோருக்கும் கதவடைப்புதான். ஒரு யூசருக்கு 15 என்று வரம்பு வையுங்கள். அந்தக் கடையின் பிஎச்பி பிராசஸ் எண்ணிக்கையையும் குறையுங்கள். 5 நிமிட லோடு எண் இறங்கினால் ஆள் சரி. இறங்காவிட்டால் வரம்பை எடுத்துவிட்டு, பிராசஸ்லிஸ்ட்டில் அடுத்த பெயரைப் பாருங்கள்.

தீபாவளி முடிந்த மறுநாள் ஸ்லோ லாகின் 1 விநாடியைப் பழையபடி 10-க்கு ஏற்றிவிட்டு, சேர்ந்த ஃபைலையும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் கார்த்திகைக்குள் டிஸ்க் நிரம்பி, அதே ஐம்பது போனும் மறுபடி வரும்.