மைதானத்துக்கு வர வேண்டிய பணம்: புதிதாக விளையாட்டுச் சங்கம் நடத்துபவர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே,

ஊரில் கபடிக் குழுவோ தடகளக் குழுவோ தொடங்கிப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உடற்கல்வி ஆசிரியராகவும் சங்கச் செயலாளராகவும் இருந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. விளையாட்டுக்கென்று அரசிடம் பணம் இருக்கிறது. நன்றாக ஆடும் பிள்ளைக்கும் அது கிடைக்காமல் போவது பெரும்பாலும் காகிதம் சரியாக இல்லாததால்தான். பயிற்சிக்குக் கொடுக்கும் ஒழுங்கைக் காகிதத்துக்கும் கொடுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதன் விளக்கமே.

1. ஏற்கெனவே வந்ததை முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் என்று ‘கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்’ திட்டம் 2024இல் தொடங்கியது. 33 வகைப் பொருள்கள் அதில் உண்டு. உங்கள் ஊராட்சியில் அவை எங்கே இருக்கின்றன, யார் பொறுப்பு என்று விசாரியுங்கள். பிள்ளைகள் எடுத்து ஆடவும் திருப்பி வைக்கவும் நேரம் குறித்து ஒரு நோட்டுப் போடுங்கள். கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தும் ஊர், அடுத்ததைக் கூச்சமின்றிக் கேட்கலாம்.

2. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதிந்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுங்கள், தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்கி, இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் விளையாட்டுக்கான மாவட்டச் சங்கத்தில் இணைப்புப் பெறுவதும் அவசியம். அங்கீகாரம் இல்லாத அமைப்பு நடத்தும் போட்டியில் நூறு கோப்பை வென்றாலும் விண்ணப்பத்தில் அவை செல்லாது.

3. எந்தப் பணம் எந்த வாசலில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீரருக்கான உதவி வேறு, மைதானத்துக்கான நிதி வேறு. வீரருக்கு முதல் படி முதலமைச்சர் கோப்பைப் போட்டி. மேலே போனால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் மூன்று படிகளில் உதவித் திட்டங்கள் உள்ளன: சி.டி.எஸ். திட்டத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை, மிம்ஸ் திட்டத்தில் 12 லட்சம் வரை, எலைட் திட்டத்தில் 30 லட்சம் வரை. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம். அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கு, மாதம் பத்தாயிரம் என்ற கணக்கில். உங்கள் பிள்ளைகளில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரை மாதம் ஒருமுறையாவது நேரில் பாருங்கள். அறிவிப்பும் கடைசித் தேதியும் அங்கேதான் முதலில் தெரியும்.

4. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டிச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரிய தடை தலைப்பெழுத்துத்தான். ஆதாரில் முன்னால் ஓர் எழுத்து, பள்ளி மாற்றுச் சான்றிதழில் பின்னால் இன்னோர் எழுத்து, வங்கியில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் மூன்றும் மூன்று ஆளாகிவிடும். பிள்ளை மாவட்ட அளவுக்கு வந்த அன்றே இதைத் திருத்தும் வேலையில் இறங்குங்கள். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடிவிட்டு வந்தால், மாநிலச் சங்கத்திடம் ‘படிவம் 2’ சான்றிதழைச் சூட்டோடு சூடாக வாங்கிவிடுங்கள். பின்னாளில் ஒன்றிய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

5. வெற்றிக்கு முன்பே கேளுங்கள். ஒலிம்பிக் தங்கத்துக்குத் தமிழ்நாடு அரசு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி தருகிறது. அது வென்றவருக்கு. வெல்வதற்கு முன்னால் டிக்கெட்டுக்கும் ஷூவுக்கும் பணம் வேண்டுமே! 2023 மே மாதம் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை அதற்கும் உதவுகிறது. 2024இல் அமெரிக்காவில் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற சென்னைப் பெண் காசிமாவுக்கு அரசு கொடுத்த ஒரு கோடியைப் பலர் அறிவார்கள். அவர் அந்தப் போட்டிக்குப் போக இந்த அறக்கட்டளை முன்பே ஒன்றரை லட்சம் கொடுத்திருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை அந்தச் சிறிய தொகைதான் முதலில் திருப்புகிறது. போட்டித் தேதி தெரிந்ததுமே விண்ணப்பியுங்கள்.

6. மைதானம் கேட்கும் முன் நிலம் யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி நிலத்தின் வகைப்பாட்டைக் கேளுங்கள். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கில் மைதானம் கேட்டு அலைய வேண்டாம். நிலம் சரி என்றால் கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் பணம் சங்கத்தின் கைக்கு வராது. அரசுத் துறைதான் வேலையைச் செய்து தரும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் திரட்ட வேண்டும். கேட்கும்போதே பெண்களுக்குக் கழிப்பறை, உடைமாற்றும் அறை, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் நம் மாநிலத்து வீராங்கனைகள் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் பதக்கம் வாங்கி வந்தார்கள். அவர்களைப்போல ஒரு பிள்ளை உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவள் உள்ளே வர வழி வேண்டும்.

7. கேட்பதை அளந்து கேளுங்கள். ‘கபடிக்கு மேட் வேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதிய மனு நகராது. ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 என்ற ஆடுகள அளவு, பயிற்சி பெறுவோர் எண்ணிக்கை, வாரத்தில் எத்தனை நாள், மேட்டை எங்கே பத்திரப்படுத்துவீர்கள், மூன்று கடைகளின் விலைப்புள்ளி எல்லாம் எழுதுங்கள். படிக்கும் அலுவலருக்கு உங்கள் மைதானம் கண்முன் தெரிய வேண்டும்.

8. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வையுங்கள். ஷூவுக்கு வந்த பணத்தில் பிளெக்ஸ் அடிக்காதீர்கள். வாங்கிய பந்து முதல் வலை வரை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒன்றிய அரசின் மானியமானால், 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அந்தப் பணத்துக்கு வங்கியில் வந்த வட்டியும் அரசுக்கே திரும்ப வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருளை அனுமதியின்றி விற்கக் கூடாது. பழைய சான்றிதழ் நிலுவையில் இருந்தால் அடுத்த மானியம் கேட்க முடியாது. தண்டனை கடைசியில் பிள்ளைகளுக்குத்தான்.

9. தரகர் வேண்டாம். ‘ஆள் தெரியும், இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்பவரை மைதானத்துக்குள் விடாதீர்கள். மனு கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் விடாமல் எழுதுங்கள்.

10. பிள்ளையின் பணத்தில் கை வைக்காதீர்கள். வீரருக்கு வரும் தொகை வீரரின் கணக்குக்கே போகட்டும். ‘நான்தானே வளர்த்தேன்’ என்று பங்கு கேட்கும் பயிற்சியாளர் அன்றோடு ஆசான் என்ற பெயரை இழக்கிறார். பெற்றோரை உட்கார வைத்து, எவ்வளவு வருகிறது, எதற்குச் செலவிட வேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

11. பழைய ஆட்டக்காரர்களை மறவாதீர்கள். ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர் இன்று கூலி வேலைக்குப் போகலாம். நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. அவரைத் தேடிப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

12. இந்த வேலையை இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். கடவுச்சொல், கோப்பு, பதிவேடு எல்லாம் ஒருவர் வீட்டுப் பீரோவில் கிடந்தால், அவர் வேலை மாறிப் போகும் அன்று சங்கமும் படுத்துவிடும். பதினெட்டு வயது நிரம்பிய ஆட்டக்காரர்களைக் கணக்கெழுத உட்கார வையுங்கள். கையேந்துகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வேண்டாம். இது மக்கள் வரிப்பணம். அதைக் கேட்பது நம் பிள்ளைகளின் உரிமை, கணக்குக் காட்டுவது நம் கடமை. இரண்டையும் சேர்த்துக் கற்றவரிடம் சங்கத்தை நம்பி ஒப்படைக்கலாம்.