நிலக்கடலை வயலில் சக்தியின் கணக்கு

ரேணிகுண்டா வட்டாரத்து நிலக்கடலைச் செடி, சூரிய ஒளியால் உணவு ஆக்குகிறது. அதனை எலி தின்கிறது. எலியைச் சாரைப்பாம்பும் ஆந்தையும் பிடிக்கின்றன. உண்ட சக்தியில் பெரும்பகுதி, சுவாசத்தில் வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடும். அடுத்த படியில் உடலாகச் சேருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. 1942-இல் லிண்டெமன் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒட்டி எழுந்த இக்கணக்கைத் துல்லிய விதியென மாணவர்க்குக் கற்பித்தல் தவறு. செடிகளில் 10,000 கலோரி இருப்பின், எலிகளில் 1,000, ஆந்தைகளில் 100 எனத் தோராயமாகக் கொள்ளலாம். ஆகவேதான் எலிகள் பல; ஆந்தைகள் சில.

சக்தி குறைந்துகொண்டே செல்லும். சில நஞ்சுகளோ அவ்வாறு கழிவதில்லை. புரோமடியோலோன் கலந்த இரையைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தளர்ந்து உலவும். அத்தகைய எலியே ஆந்தைக்கு எளிதில் அகப்படுகிறது.