கட்டில், மேசை, நாற்காலி

அன்புள்ள கயல்விழி,

ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்துக் குடியேறுவது அத்துமீறல்தானே, அதை எப்படிப் போராட்டம் என்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஆம்ஸ்டர்டாமைப் பார். 1970களில் அங்கே வீடு கேட்டுப் பதிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே தெருக்களில், விலை ஏறட்டும் என்று பூட்டிப் போட்ட வீடுகளும் இடிப்பதற்காகக் காலி செய்த வீடுகளும் கிடந்தன. இளைஞர்கள் அவற்றில் புகுந்தார்கள். புகுந்த விதம்தான் முக்கியம். பூட்டை மாற்றுவார்கள், கட்டில், மேசை, நாற்காலி ஆகிய மூன்றையும் உள்ளே போடுவார்கள், பிறகு போலீஸைத் தாங்களே கூப்பிட்டு, குடியிருப்பதைக் காட்டுவார்கள். இந்த வழக்கம் 1914இல் வந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 1971இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொன்னது: உண்மையில் யாரேனும் குடியிருக்கும் வீட்டில் நுழைந்தால்தான் குற்றம். திருடன் போலீஸைக் கூப்பிடமாட்டான். வீட்டை வைத்திருக்கும் உரிமைக்குள், ஊரில் பலர் கூரையின்றி இருக்க அதைப் பாழாகப் போடும் உரிமையும் அடங்குமா என்ற கேள்வியை இவர்கள் பகிரங்கமாகத் தெருவில் வைத்தார்கள். அதனால்தான் அதைப் போராட்டம் என்கிறேன்.

சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியவர், வாடகைக்கு ஆள் தேடும் இரண்டு மாதத்தில் வீட்டைப் பறிகொடுக்கலாமா என்று நீ கேட்கலாம். கூடாது. 1990களில் வந்த சட்டம் இந்த வேறுபாட்டைக் கண்டது. ஓராண்டுக்குள் புழக்கத்தில் இருந்த கட்டடத்தில் புகுவதை அது குற்றமாக்கியது. வரிசையில் நிற்பவர்களை முந்திக்கொண்டார்கள் என்பது இன்னொரு குறை. ஆனால் பூட்டிக் கிடந்த வீடுகள் அந்த வரிசைக்கே வரவில்லையே! கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாயோரம் இருந்த 'குரோட்ட கெய்சர்' கட்டடங்களில் குடியேறியவர்கள் பிடிவாதமாக இருந்ததால், 1980இல் நகராட்சியே அவற்றை விலைக்கு வாங்கியது.

வன்முறையைப் பற்றிய குறை இவற்றைவிடக் கனமானது. 1980 மார்ச்சில் ஃபோண்டல் தெருவில் குடியேறியவர்கள் எழுப்பிய தடுப்பரண்களை அகற்ற அரசு பீரங்கி வண்டிகளை இறக்கியது. ஏப்ரல் 30 அன்று அரசி பியாட்ரிக்ஸ் முடிசூடிய நாளில் நகரமே போர்க்களமானது. குடியிருக்க வீடில்லாதபோது முடிசூட்டு விழா எதற்கு என்ற முழக்கம் நியாயமானது. பறந்த கற்கள் நியாயமானவை அல்ல, பொதுமக்களின் பரிவையும் அவை கரைத்தன. ஆயினும் கல்லெறிந்தவர்களை வைத்து, பாழடைந்த வீடுகளைப் பழுது பார்த்து அமைதியாக வாழ்ந்த ஏராளமானோரை அளக்க முடியாது.

2010 அக்டோபர் 1 முதல் நெதர்லாந்தில் இப்படிக் குடியேறுவது குற்றம். அதே சட்டம், காலியாகக் கிடக்கும் கட்டடங்களைப் பற்றித் தெரிவிக்கும்படி உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தையும் நகராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

அன்புடன்,
மாமா