ஹிக்ஸ் துகளும் கணிதத்தின் துணிபும்

ஜெனீவா நகருக்கருகே, நிலத்தின் கீழ் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையமொன்றிற் புரோட்டான்கள் மோதுண்கின்றன. அம்மோதல்களில் ஹிக்ஸ் துகளையொத்த புதிய துகளொன்று பிறத்தலைக் கண்டதாக 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி விஞ்ஞானிகள் அறிவித்தனர். கண்டது, எதிர்பார்த்த துகளேயென்று துணிவது எங்ஙனம்? எத்துணை பிறக்குமென முன்னரே கணித்தாலன்றி, கண்ட தொகை மிகுதியோ குறைவோ எனச் சொல்லலாகாது. அக்கணிதத்தையே ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

புரோட்டான் பிளவுபடாத தனிப்பொருளன்று. குவார்க்குகளும் அவற்றைப் பிணிக்கும் குளுவான்களும் அதனுள் அடங்கியுள்ளன. எதிரெதிர் வரும் இரு குளுவான்கள் கூடுவதே ஹிக்ஸ் பிறப்பிற்குப் பெருவழி. புரோட்டானின் ஆற்றலிற் குளுவான்களின் பங்கு எவ்வளவென்பதை அளந்தே அறிதல் வேண்டும். ஹாம்பர்க்கு நகரில் 1992 முதல் 2007 வரை எலெக்ட்ரான்களைப் புரோட்டான்களோடு மோதவிட்டுக் கண்ட அளவைகள் இதற்குப் பேராதாரமாயின.

இனி, விடை ஒரே முயற்சியிற் கிட்டுவதன்று. படிப்படியாகவே அதனை அணுகுவர். ஒவ்வொரு படியிலும் சேரும் திருத்தம் முன்னதினுஞ் சிறுத்து வரல் வேண்டும். அதுவே இம்முறைக்கு உயிர். ஹிக்ஸ் துகளின் வகையிலோ தொடக்கத்தில் அவ்வாறு நிகழவில்லை. 13 டெரா எலெக்ட்ரான்-வோல்ட்டு ஆற்றலுள்ள மோதல்களுக்கு, பிக்கோபார்ன் என்னும் அலகில், முதற்படி தரும் அளவு 16. இரண்டாம் படி அதனோடு சேர்ப்பதோ ஏறக்குறைய 21! முதலினும் வட்டி மிகுந்த விந்தை இது. முதற்படியோடு நின்றிருப்பின், மோதலிற் கண்ட மிகுதியை ஏதோ புதிய இயற்கை விதியின் அடையாளமென்று மயங்கியிருப்போம்.

2002-இற் கணித்த மூன்றாம் படி ஏறக்குறைய 10 சேர்த்தது. அப்பொழுதும் ஐயம் தீர்ந்தபாடில்லை. 2015-இல் அனஸ்தாசியூ முதலிய ஐவர் ஏறக்குறைய ஒரு லட்சம் வரைபடங்களைக் கணித்து நான்காம் படியை முடித்தனர். அவ்வளவு உழைப்பும் கூட்டியது ஒன்றரையே. ஆயினும், அச்சிறுமையே பெரும்பேறு. தொடர் அடங்கி வருகின்றதென்று அப்பொழுதுதான் தெளிவாயிற்று. ஏனைய சிறு திருத்தங்களுஞ் சேரக் கிட்டிய விடை 48.58.

பிழையின் எல்லையைக் குறிப்பதும் இக்கணிதத்தின் கடமை. கணிப்போர் தாமே தேர்ந்துகொள்ளும் ஓர் ஆற்றலளவை இருமடங்காக்கியும் பாதியாக்கியும் விடை எவ்வளவு அசைகின்றதென்று நோக்குவதே வழக்கம். முதற்படிக்கு இங்ஙனம் குறித்த எல்லைக்குள் இரண்டாம் படியின் விடை அடங்கவில்லை! நான்காம் படியின் விடையோ மூன்றாம் படியின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றது.