தடித்த இலையும் வெள்ளைப் பாலும்

அன்புள்ள யாழினிக்கு,

பினாங்குக் கொடிமலையில் நீ எடுத்த படம் கிடைத்தது. மரப்பட்டையில் காசு காசாய் ஒட்டிப் படர்ந்த பச்சை இலைகள். சதைப்பற்று இருப்பதால் கள்ளி இனம் என்று எழுதியிருக்கிறாய். அந்த முடிவு அவசரமானது. சதைப்பற்று குடும்ப அடையாளம் அல்ல, தாகத்துக்குச் செடி கண்ட வழி. மழை கொட்டும் பினாங்கில் தாகம் ஏது என்பாய். மண் மழைநீரைப் பிடித்து வைக்கும், மரப்பட்டை வைக்காது. வெயில் வந்ததும் காய்ந்துவிடும் பட்டையில் வாழும் செடி, தன் இலையையே குடமாக்கிக்கொள்கிறது.

நம் ஊர் மரங்களில் இப்படி இரண்டு உண்டு. ஒன்று டிஸ்கிடியா நுமுலாரியா, பூக்கும் கொடி. பெயரிலேயே சிறு காசு இருக்கிறது. மற்றது பைரோசியா பிலோசெலாய்டஸ், பூக்கவே பூக்காத பெரணி. இவற்றின் மரபுகள் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் வட்ட இலை, அதன் தடிப்பு, இரவில் இலைத்துளை திறந்து கரியமிலவாயுவைச் சேர்த்துவைக்கும் வழக்கம் எல்லாம் இரண்டுக்கும் பொது. இலையின் தடிப்பை மட்டும் நம்பினால் பெரணியைப் பூச்செடி என்போம். இலை சோடி சோடியாக எதிரெதிரே நின்றால் டிஸ்கிடியா. வட்ட இலைகளுக்கு நடுவே நீண்ட இலைகள் எழுந்து, அவற்றின் விளிம்பில் பழுப்பு வித்துத்தூள் கோடிட்டிருந்தால் பெரணி. தானாக விழுந்து கிடக்கும் கொடித்துண்டைக் கிள்ளிப் பார். வெள்ளைப் பால் கசிந்தால் அது பெரணி இல்லை. டிஸ்கிடியா எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்கம்பாலைப் போலவே இதன் பாலும் கண்ணில் படக்கூடாது.

கள்ளியிலும் பால் வருமே என்று நீ மறுக்கலாம். நியாயம்தான், மரக்கிளையில் முளைக்கும் ஆலங்கன்றிலும் வரும். அதனால்தான் ஒரே சான்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறேன். ஆலிலைகள் மாறி மாறி நிற்கும். கள்ளியின் காய் மூன்று பகுதியாய் இருக்கும். டிஸ்கிடியாவின் காயோ ஒல்லியாய் நீண்டு, வெடித்ததும் பஞ்சு முடி கட்டிய விதைகளைக் காற்றில் விடும். பூ வெள்ளைக் குடுவை போன்றது, வாயில் ஐந்து மடல், அரிசியளவுதான். கைப்பேசிச் செயலி பெயர் சொல்லிவிடுமே என்றால், படத்தில் தெரியாத பாலையும் காயையும் அது எப்படி எடைபோடும்?

செயலி இல்லாத காலத்திலேயே, பினாங்கின் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளராக 1884இல் பொறுப்பேற்ற சார்ல்ஸ் கர்ட்டிஸ், தீவில் தானாக வளரும் பூச்செடிகளையும் பெரணிகளையும் 1894இல் பட்டியலிட்டு வெளியிட்டார். அத்தகைய பட்டியலில் பூச்செடிக்குப் பூவோ காயோ உள்ள மாதிரிச்செடியே உறுதியான ஆதாரம். ஆனால் நீ பறிக்க வேண்டாம். கொடிமலை 2021 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். இலைக்கணுவை நெருங்கிப் படமெடு, இலையின் அடிப்பக்கத்தையும் எடு. அரிசியளவு வெள்ளை ஏதேனும் தெரிந்தால் அதை முதலில் அனுப்பு.

அன்புடன்,
மாமா