ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்: செஞ்சிப் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே சென்னை, பெங்களூரு கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். என்னிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சார், மெமரி ஏறிக்கிட்டே போகுது, என்ன பண்றது?” தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

நம்மூர்க்காரர்களுக்குப் புரிகிற ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அறுவடைக் காலத்தில் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, வரும் நெல் மூட்டைகளுக்கு லாட் எண் போட்டு, எடை, விலை, விவசாயியின் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பதியும் ஒரு செயலி. ஜாவாவில் எழுதியது, டாம்கேட்டில் ஓடுகிறது. கற்பனைச் செயலிதான்; நோய்கள் மட்டும் உண்மையானவை.

1. சர்வர் திணறுகிறது என்று போன் வந்ததும் கை தானாக ரீஸ்டார்ட்டுக்குப் போகும். போகவிடாதே. ரீஸ்டார்ட் செய்த கணத்தில் தடயம் முழுதும் அழிந்துவிடும். பத்து நாள் கழித்து அதே போன் திரும்ப வரும், அப்போதும் உன்னிடம் ஒன்றும் இருக்காது. இரண்டு சர்வர்கள் இருந்தால் நோயாளியை லோட் பேலன்சரிலிருந்து விலக்கிவிட்டு நிதானமாக ஹீப் டம்ப் எடு. ஒன்றுதான் இருக்கிறதென்றால், எந்த வகுப்பில் எத்தனை ஆப்ஜெக்ட் என்று ஜேசிஎம்டி தரும் பட்டியலையாவது எடுத்துக்கொண்டு பிறகு ரீஸ்டார்ட் செய். டம்ப் எடுக்கும்போது செயலி உறைந்து நிற்கும் என்பதும், 8 ஜிபி ஹீப் நிறைந்திருந்தால் கோப்பும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். மெமரி தீர்ந்துபோனால் தானாகவே டம்ப் எழுதச் சொல்லும் தேர்வு ஜேவிஎம்மில் இருக்கிறது. அதைச் செயலி ஓடத் தொடங்கும் முதல் நாளே போட்டுவை. கன்டெய்னரில் ஓடுகிறதென்றால் டம்ப் விழும் இடம் கன்டெய்னருக்கு வெளியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கன்டெய்னரோடு அதுவும் போய்விடும்.

2. ஜாவாவில் நினைவகம் தொலைவதில்லை, யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை மனதில் நன்றாக ஏற்றிக்கொள். ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்களிலிருந்தும் ஸ்டாட்டிக் மாறிகளிலிருந்தும் கிளம்பி, கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரமுடிகிற எந்த ஆப்ஜெக்டையும் கார்பேஜ் கலெக்டர் தொடாது. அது உனக்குத் தேவையா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே உன் கேள்வி ‘எது அதிகமாக இருக்கிறது’ என்பதல்ல, ‘யார் பிடித்திருக்கிறார்கள்’ என்பது. புதிதாக வருகிறவர்கள் பட்டியலின் உச்சியில் ஸ்ட்ரிங்கும் பைட் வரிசையும் நிற்பதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலான செயலிகளில் அவைதான் உச்சியில் இருக்கும். எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் டாமினேட்டர் ட்ரீயைத் திற. ஒரு ஆப்ஜெக்ட் போனால் அதோடு எவ்வளவு மெமரி விடுபடும் என்று அது காட்டும். பெரிதாக நிற்பதைப் பிடித்து, அங்கிருந்து வேர் வரைக்கும் உள்ள சங்கிலியைப் படி. அந்தச் சங்கிலியில் உன் குழு எழுதிய வகுப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ, அங்கேதான் வேலை.

3. ஏறுவதெல்லாம் லீக் அல்ல. ஆரோக்கியமான ஜாவா செயலியின் மெமரி வரைபடமே ரம்பப் பல் மாதிரிதான் இருக்கும், ஏறி ஏறி விழும். நீ பார்க்கவேண்டியது பல்லின் உச்சியை அல்ல, கார்பேஜ் கலெக்டரின் முழுச் சுற்று (ஃபுல் ஜிசி) முடிந்தபின் விழும் அடியை. காலையில் வண்டிகள் குவிந்து லாட் பதிவு மும்முரமாக நடக்கும்போது மெமரி ஏறுவது இயல்பு. இரவு கமிட்டி அடங்கி, செஷன்களெல்லாம் காலாவதியானபின் அடி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். இன்றைய இரவின் அடி நேற்றைய அடியைவிட உயரம், நாளை அதைவிட உயரம் என்று போனால் அது லீக். அடி மாறாமல் உச்சி மட்டும் வரம்பை எட்டுகிறது என்றால், நீ ஹீப்பைக் குறைவாகக் கொடுத்திருக்கிறாய் அல்லது ஒரே வேண்டுகோளில் மலையளவு தரவை இழுக்கிறாய். சீசன் முழுவதன் லாட் விவரத்தையும் எக்செல்லாகக் கேட்கும் அதிகாரி ஒருவர் போதும். அப்பாச்சி பிஓஐ நூலகத்தின் வழக்கமான முறை முழு ஷீட்டையும் மெமரியில் கட்டும். எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப் என்ற இன்னொரு முறை, சொல்லாவிட்டால் 100 வரிசைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். அந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்த ‘லீக்’குகள் பல.

4. ஹீப் சமாதானமாக இருக்கிறது, ஆனால் கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துப்போகிறது என்றால், வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல்தான், மெமரி வரம்பு மீறியதற்காக. ஹீப் டம்ப்பில் தேடி நேரத்தை வீணாக்காதே. த்ரெட் எண்ணிக்கை, மெட்டாஸ்பேஸ், ஹீப்புக்கு வெளியே ஒதுக்கும் பஃபர்கள் இவற்றைப் பார்.

5. கேஷ். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லவேண்டியது இதைப் பற்றித்தான். லாட் விவரம் டேட்டாபேஸிலிருந்து வர நேரமாகிறது என்று ஒரு ஸ்டாட்டிக் ஹாஷ்மேப்பில் போட்டாய். சோதனையில் பறந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். போடும் வரி இருக்கிறது, எடுக்கும் வரி எங்கே? போன மாதம் விற்று அரிசியாகிவிட்ட நெல்லின் லாட் விவரம் இன்னும் உன் மெமரியில் உட்கார்ந்திருக்கிறது. இது பிழையான வரி அல்ல, கேட்காமல் விட்ட வடிவமைப்புக் கேள்வி. எதையாவது ஒரு வேண்டுகோளின் ஆயுளைத் தாண்டி வைத்திருக்கப்போகிறாய் என்றால், அது எப்போது போகும், யார் போகச்சொல்வார்கள் என்பதை நிரல் எழுதும் முன்பே தாளில் எழுது. பதில் எழுதமுடியவில்லை என்றால் வைத்துக்கொள்ளாதே.

கேஷ் வேண்டியதுதான் என்று முடிவானால் எண்ணிக்கை வரம்பும் கால வரம்பும் உள்ள நூலகத்தை எடு. காஃபின் நன்றாகவே வேலை செய்கிறது. வீக்ஹாஷ்மேப் போட்டால் தானாகச் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. அதில் சாவி மட்டும்தான் தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கும். மதிப்பு திரும்பச் சாவியைப் பிடித்திருந்தால் இரண்டும் என்றைக்கும் போகாது. சாவியாக நீயே எழுதிய வகுப்பைப் போட்டு, அதில் ஈக்குவல்ஸும் ஹாஷ்கோடும் எழுத மறந்தால், ஒரே லாட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பதிவு விழும். கேஷ் நிறையும், ஆனால் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் பார்த்த கேஷ்களில் பாதி, டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் போடச் சோம்பல்பட்டதன் விளைவு.

6. செஷனில் எதை வைக்கிறாய் என்று பார். உள்ளே வந்தவரின் அடையாள எண் போதும். அவர் தேடிய பட்டியல் முழுவதும் வேண்டாம். டாம்கேட்டில் செஷனின் ஆயுள் வழக்கமாக 30 நிமிடம். ‘அடிக்கடி லாகின் கேட்கிறது’ என்ற புகாருக்குப் பயந்து அதை முடிவில்லாததாக மாற்றிவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதோடு, ஜேஎஸ்பி பக்கம் கேட்காமலேயே செஷன் உருவாக்கும். லோட் பேலன்சர் உயிரோடு இருக்கிறாயா என்று 5 நொடிக்கு ஒருமுறை அப்படி ஒரு பக்கத்தைத் தட்டினால், ஒரு நாளைக்கு 17,280 செஷன். ஒரு விவசாயிகூட உள்ளே வராத ஞாயிற்றுக்கிழமையிலும்.

7. த்ரெட்லோக்கலில் வைத்ததை ஃபைனலி பகுதியில் எடுத்துவிடு. டாம்கேட்டின் வேலையாட்களான த்ரெட்கள் (வழக்கமான உச்ச வரம்பு 200) வேண்டுகோள் முடிந்ததும் சாவதில்லை, அடுத்ததற்குப் போகின்றன. மெமரி போவதைவிட மோசமானது ஒன்று: முந்தையவரின் விவரம் அடுத்தவர் திரையில் தெரிவது. ஓடும் சர்வரிலேயே செயலியின் புதுப் பதிப்பை மாற்றி மாற்றி ஏற்றும்போதும் இதே பிடிதான் பழைய பதிப்பின் வகுப்புகளை மொத்தமாகப் பிடித்து நிறுத்தும். 2014-இல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸ் கொண்டுவந்தது. ஆனால் நோய் தீரவில்லை, இடம்தான் மாறியது. செயலியை நிறுத்தும்போது டாம்கேட் லாக்கில் எச்சரிக்கைகளை எழுதும். படி.

8. எல்லாம் சரியாக நடக்கும் பாதையை எல்லோரும் சோதிக்கிறார்கள். தோற்கும் பாதையைச் சோதி. 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் சேமிப்பு சர்வர்கள் முடங்கி, ரெடிட் போன்ற பெரிய தளங்களே தடுமாறின. பழுதான ஒரு தகவல் சேகரிப்பு சர்வருக்குப் பதில் வேறொன்றை வைத்தார்கள். புது முகவரி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. முகவரி கிடைக்காத சர்வர்களில் இருந்த சின்ன நிரல், இல்லாத இயந்திரத்தை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இணைப்பு கிடைக்காதபோதுதான் அதில் ஒளிந்திருந்த லீக் வேலை செய்தது. உன் செயலியில் வங்கியின் சர்வர் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? காத்திருக்கும் வேண்டுகோள்கள் எங்கே அடுக்கப்படுகின்றன, அந்த அடுக்குக்கு வரம்பு உண்டா?

9. நாள்கணக்கில் ஓட்டிப் பார். 1992 அக்டோபர் 26-இல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறைக்கு மாறியது. முதல் இரண்டு நாள் குழப்பத்துக்குக் காரணங்கள் வேறு. நவம்பர் 4 அதிகாலையில் அது அடியோடு நின்றதற்குக் காரணம், ஏறத்தாழ மூன்று வாரம் முன்பு ஒரு திருத்தத்தின்போது விட்டுப்போன துண்டு நிரல்: ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் கொஞ்சம் மெமரியை எடுத்தது, திருப்பித் தரவில்லை. மாற்று சர்வரும் கைகொடுக்கவில்லை. அந்த ஏற்பாடு முழுமையாகச் சோதிக்கப்பட்டதே இல்லை. நம்மூர்க் கதையும் இதைத்தான் சொல்கிறது: மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட வந்தது 1690-இல், கோட்டை விழுந்தது 1698-இல். பத்து நிமிட லோட் டெஸ்ட்டை வைத்து ‘லீக் இல்லை’ என்று கையெழுத்துப் போடுவது, முற்றுகையின் முதல் வாரத்திலேயே கோட்டையின் ராஜகிரி மலைக்கு ஆபத்தில்லை என்று ஓலை எழுதுவதுதான். நேரமில்லை என்றால் ஹீப்பைக் கால்பங்காகக் குறைத்து ஓட்டு. வரவேண்டியது சீக்கிரம் வரும்.

10. தினமும் இரவு ரீஸ்டார்ட் போட்டு ஓட்டலாமா என்று கேட்பாய். சில நேரம் ஓட்டலாம். பைத்தானின் கூனிகார்னில் இத்தனை வேண்டுகோளுக்கு ஒருமுறை வேலையாளை மாற்று என்று சொல்ல வசதியே இருக்கிறது. நம் கையில் இல்லாத நூலகம் ஒழுகும்போது அது நியாயமான ஏற்பாடு. ஆனால் எதற்காகப் போட்டோம், எவ்வளவு ஒழுகுகிறது என்று அதன் பக்கத்திலேயே எழுதிவை. அறுவடைக் காலத்தில் கமிட்டியின் சுமை மும்மடங்கானால் இரவுவரை தாங்காது.

11. ஹீப் டம்ப் கோப்பில் அந்த நேரத்தில் மெமரியில் இருந்தது அனைத்தும் அப்படியே இருக்கும்: விவசாயிகளின் பெயர், வங்கிக் கணக்கு எண், டேட்டாபேஸின் பாஸ்வேர்டுகூட. அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதே, சொந்த மடிக்கணினியில் வீட்டுக்குக் கொண்டுவராதே, ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று எனக்கும் அனுப்பாதே. டாமினேட்டர் ட்ரீயின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று எனக்குப் போதும், அதிலும் பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பு. வேலை முடிந்த அன்றே கோப்பை அழித்துவிடு.